ஸ்ரீநிவாஸ ராமாநுஜனும் இருபடிச் சமன்பாடும்

கொங்கு நாட்டார் தம் நாட்டின் சிறப்பைப் பேசப் புகுந்தால் ஆனைமலையைச் சொல்லுவர். பொள்ளாச்சிச் சந்தையைச் சொல்லுவர். நொய்யலையும் பவானியையும் அமராவதியையும் சொல்லுவர். முடிவில், கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் பிறந்ததும் நம் ஈரோட்டிலன்றோ என்று கூறி நிமிர்ந்து உட்காருவர். அஃது உண்மையே. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள், ஈரோட்டு முன்சீப் கோர்ட்டில் ஊழியம் பார்த்துவந்த தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். ஆயினும், குழந்தைக்கு ஒரு வயதாகும் அளவில் தாயார் கோமளத்தம்மாள் அதனைக் கும்பகோணத்திற்கு எடுத்துச் சென்றுவிட்டார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தார். ஆகவே நாம் உரிமை பாராட்டும்போது சிறிது அடக்கமாகவே பாராட்டுதல் வேண்டும்; இன்றேல் கும்பகோணத்தார் கோபிப்பர்.

ராமாநுஜனுடைய சரித்திரத்தை நம் கல்லூரி மாணவர் பலமுறை கேட்டிருப்பர். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினார் என்பதும், 1729 என்னும் மோட்டார் வண்டி இலக்கத்தின் கதையும் அறியாதார் இல்லை. தேவியின் அருள் என்று அவரே நம்பினார். அந்நம்பிக்கையை நாம் வழக்காடப் போவதில்லை. ஆனால் அக்கதையை மட்டும் கேட்ட மாணவர், இவர் மனிதர் அல்லர், நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்பாற் போய்விடுகின்றனர். நாமும் இளமையில் அவ்வாறே போனவர்கள்தாம். பின்னர் அவருடைய கணக்குகளிற் சிலவற்றை நிதானமாகப் பார்த்தபோது, அவற்றின் அடியில் நாம் பள்ளியில் எழுதி அழித்த ஒரு பொருளே கிடக்கக் கண்டு வியந்தோம். அதுதான் இருபடிச் சமன்பாடு. முன்னாளில் வர்க்க சமீகரணம் என்று வழங்கியது.

அதன் இயல்பை மறந்தார்க்கு ஒரு சிறு உதாரணம். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் 400 தென்னங்கன்றுகளை நடுகின்றார். ஒரு வரிசையிலுள்ள கன்றுகளின் தொகை, வரிசைகளின் தொகையைவிட 9 அதிகமாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். வரிசைகள் எத்தனை? வரிசைத் தொகையைத் தன்னாலேயே பெருக்கி, அதனோடு அதன் ஒன்பது மடங்கைக் கூட்டினால் 400 ஆதல் வேண்டும். நம் நாட்டுக் கணிதர் ஸ்ரீதரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கூறிய வழி இது: 400-ஐ நான்கால் பெருக்கினால் 1600, 9-இன் வர்க்கமாகிய 81-ஐச் சேர்த்தால் 1681, அதன் வர்க்கமூலம் 41, அதிலிருந்து 9-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 16. பதினாறு வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து கன்று. குடியானவருக்கு இவ்வளவே போதும். ஆனால் பீஜகணிதம் இவ்வளவில் நில்லாது. 41-ஐ எதிர்க்குறியோடு கொண்டால் −25 என்னும் மற்றொரு மூலமும் வரும். எதிர்மறை வரிசையில் எவரும் தென்னை நட்டதில்லை. எனினும் அச்சமன்பாட்டைப் பொறுத்தவரையில் 16-க்கு உள்ள உரிமை −25-க்கும் உண்டு. இனி, சுற்றுவேலி 100 அடியும் பரப்பு 700 சதுர அடியுமாக ஒரு நீள்சதுரப் பாத்தி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதே வழியில் வர்க்கமூலம் எடுக்கவேண்டிய எண் −300 ஆகிவிடும். அதாவது, அத்தகைய பாத்தி பூமியில் இல்லை. நூறடி வேலிக்குள் 625 சதுர அடிக்கு மேல் அடங்காது. இரண்டு மூலங்கள், அல்லது இரண்டும் ஒன்றாதல், அல்லது மெய்யெண்ணில் ஒன்றும் இன்மை: இம்மூன்றில் எது நேரும் என்பதை, மூலத்தைக் காணுமுன்னரே அவ்வர்க்கமூலத்தின் உள்ளிருக்கும் எண் சொல்லிவிடும். இதனை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டும்.

கும்பகோணத்தில் ராமாநுஜன் 1898-ஆம் ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இச்சிறுவரின் கூர்மையைச் சோதிக்க எண்ணி ஒரு கணக்கைக் கொடுத்ததாகச் சொல்லுவர். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு மற்றோர் எண்ணைக் கூட்டினால் 7, முதலெண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, எண்கள் யாவை? அரை நிமிஷத்தில் 9, 4 என்று விடை வந்ததாம். இதனை ஊகத்தாலும் சொல்லலாமே என்பர் சிலர். சொல்லலாம், நாமும் வகுப்பில் அப்படியே சொன்னோம். ஆனால் முறைப்படி செய்ய முயன்றால், அவ்விரண்டு சிறு இருபடிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு நாற்படிச் சமன்பாடாகி நிற்பதைக் காணலாம். அதற்கு மூலம் நான்கு. 4-இன் வர்க்கமூலமாகிய 2 ஒன்றுதான் முழு எண். மற்ற மூன்றும் ஒரு முப்படிச் சமன்பாட்டினுள் ஒளிந்து கிடக்கின்றன. இருபடிகள் தனியே இருக்கும்போது சாதுவாயும் இரண்டு கூடினால் முரடாயும் நடந்துகொள்ளும் என்னும் இவ்வுண்மையே பிற்காலத்தில் ராமாநுஜனுடைய ஆராய்ச்சி ஒன்றிற்குப் பொருளாயிற்று.

1902-இல் அவருக்கு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி காட்டப்பட்டது. அதைக் கற்றவுடன் நாற்படிக்குரிய வழியைத் தாமே கண்டுபிடித்தார். அவ்வழி ஐரோப்பாவில் 350 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது என்பதை அவர் அறியார். அடுத்த ஆண்டு ஐம்படியைப் பிடித்தார். பொதுவான ஐம்படிச் சமன்பாட்டை வர்க்கமூலம் முதலிய மூலங்களால் தீர்த்தல் இயலாது என்று நார்வே தேசத்து ஆபெல் என்பார் 1824-இலேயே நிறுவிவிட்டார். கும்பகோணத்தில் அதை அச்சிறுவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. எத்தனை நாள் சிலேட்டும் பலப்பமுமாக அதனோடு போராடினாரோ! ஆசிரியர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்நாட்கள் மிஞ்சியிருக்கும். சொல்லாமற் போனதே நன்மையாயிற்றோ என்றும் சில சமயம் நமக்குத் தோன்றுவதுண்டு. இதில் நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

1903-இல் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டு அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கூறி, நிரூபணத்தைப் பெரும்பாலும் விட்டுச்செல்லும் நூல் அது. நிரூபணங்களையெல்லாம் தாமே செய்துகொண்டார். அதன் விளைவு அவருடைய கல்லூரி வாழ்வில் தெரிந்தது. 1904-இல் பள்ளியிற் கணிதப் பரிசும், கும்பகோணம் அரசினர் கலாசாலையில் உபகாரச் சம்பளமும் பெற்றவர், கணிதம் ஒழிந்த பாடங்களைப் புறக்கணித்து அச்சம்பளத்தை இழந்தார். 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்றார். பின் சென்னை பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்து எப். ஏ. பரீட்சைக்கு இருமுறை சென்று இருமுறையும் தவறினார். பட்டமில்லை, வேலையில்லை, 1909-இல் ஜானகி அம்மாளோடு விவாகம் மட்டும் நடந்தது. காகிதம் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்ட காலம் அது.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவரும், இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவருமான ராமசுவாமி ஐயர் அக்குறிப்பேட்டைப் பார்த்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் காத்தார். 1911-இல் அச்சங்கத்தின் பத்திரிகையில் ராமாநுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். ஒன்றும், இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலமும். அம்மூலத்தினுள் ஒன்றும், மூன்று மடங்கு ஒரு வர்க்கமூலமும். அதனுள் ஒன்றும், நான்கு மடங்கு ஒரு வர்க்கமூலமும். இவ்வாறு முடிவின்றி உள்ளே உள்ளே சென்றால், அம்முழுவதின் வர்க்கமூலம் என்ன? ஆறு மாதம் கழிந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என்று அவரே வெளியிட்டார். அதன் இரகசியம் யாது? ஓர் எண்ணை, அதனினும் இரண்டு மிகுந்த எண்ணாற் பெருக்கி ஒன்று கூட்டினால், இடையிலுள்ள எண்ணின் வர்க்கம் வரும். இவ்வளவே. 3-இன் வர்க்கம் 1-உம் இருநான்கும். அந்த 4-இன் வர்க்கம் 1-உம் மூவைந்தும். அந்த 5-இன் வர்க்கம் 1-உம் நான்காறும். ஒவ்வோர் எண்ணையும் அதன் வர்க்கத்தின் மூலமாக எழுதிக்கொண்டே போனால், அவர் கேட்ட கோபுரம் தானே எழும்பிவிடும். இதைக் கண்டபோதுதான் நாம் முதன்முதல், கும்பிட்டு நகர்ந்தது தவறு என்று உணர்ந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் அறிந்த ஓர் உண்மையை அவர் கைவிடாமல் அதன் கடைசி வீடு வரை துரத்திச் சென்றிருக்கின்றார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலையில் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம். 1914 மார்ச் 17-இல் நெவாஸா என்னும் கப்பலேறிச் சீமைப் பயணம். இவை யாவரும் அறிந்தவையாதலின் விரிக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராயிருந்த வங்காள மாணவர் மகாலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளிவிவர நிலையத்தைத் தோற்றுவித்தவர். 1914 டிசம்பரில் ஒருநாள், ராமாநுஜன் அடுப்பிற் காய்கறி வதக்கிக்கொண்டிருக்க, மகாலனோபிஸ் ஸ்ட்ராண்ட் என்னும் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மானியப் படை எரித்த பெல்ஜிய நகரமாகிய லூவேனில் ஒரு தெரு. வீடுகளின் இலக்கங்கள் 1, 2, 3 என்று வரிசையாகச் செல்லுகின்றன. ஒருவர் வீட்டிற்கு இப்பாலுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அப்பாலுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அவர் வீடு எது? மகாலனோபிஸ் சிறிது முயன்று விடையைக் கண்டுவிட்டார்: 288 வீடுகள், 204-ஆம் இலக்கம். ராமாநுஜனோ கரண்டியைக் கீழே வையாமலே ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 50, 500 என்னும் எல்லைகளை நீக்கினால் எழும் எல்லாத் தெருக்களுக்கும் விடை அதில் அடங்கியிருந்தது.

அதன் உட்கருத்தை நாம் இவ்வாறு விளக்கலாம். எட்டு வீடுகளுள்ள தெருவில் 6-ஆம் வீடு. இப்பால் 15, அப்பாலும் 15. நாற்பத்தொன்பது வீடுகளுள்ள தெருவில் 35-ஆம் வீடு. அடுத்தது 204. இவ்விலக்கங்கள் 1, 6, 35, 204 என்று செல்லும் முறையாவது, ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கி அதற்கு முந்தியதைக் கழித்தால் அடுத்தது வரும் என்பதே. ஆறிலிருந்து ஒரு பின்னத்தைக் கழிக்க. அப்பின்னத்தின் கீழ் மீண்டும் ஆறிலிருந்து ஒரு பின்னத்தைக் கழிக்க. இப்படியே செல்லும் தொடர்பின்னத்தை ஒவ்வோர் அடுக்காக நிறுத்திப் பார்த்தால் இவ்விலக்கங்களே மேலே தோன்றும். அத்தொடர்பின்னம் முடிவில் நெருங்கும் எண், தன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் தன் ஆறு மடங்காகும் எண். மறுபடியும் நம் இருபடிச் சமன்பாடே. 204-க்கு அடுத்த விடை 1189. அத்தெருவில் 1681 வீடுகள். முன்னே தென்னந்தோப்பிலும் 1681 வந்ததை அன்பர்கள் கவனித்திருக்கலாம். அது தற்செயல், அதில் தத்துவம் ஒன்றும் தேடவேண்டா.

இனி, நாம் நினைவிற் கொள்ளச் சொன்ன செய்திக்கு வருவோம். ராமாநுஜன் தம் குறிப்பேட்டில் எழுதிய ஒரு கணக்கில் மூன்று எண்கள் வளையமாக நிற்கின்றன. முதலெண்ணின் வர்க்கம், இரண்டாம் எண்ணோடு ஒரு நிலையெண்ணைக் கூட்டியதற்குச் சமம். இரண்டாவதன் வர்க்கம், மூன்றாவதோடு அதே நிலையெண்ணைக் கூட்டியதற்குச் சமம். மூன்றாவதன் வர்க்கம், மீண்டும் முதலெண்ணோடு அதைக் கூட்டியதற்குச் சமம். மூன்று எளிய இருபடிகள். ஆனால் ஒன்றை ஒன்றில் வைத்துச் சுருக்கினால் எட்டாம் படிச் சமன்பாடு ஒன்று எழுந்து நிற்கும். ஐம்படியிலேயே கை சலித்த உலகத்தில் எட்டாம் படியை எவர் தீர்ப்பர்? ஆனால் இது வளையத்திற் பிறந்ததாதலின் இதற்கு ஒரு சொந்த ஒழுங்கு உண்டு. மூன்று எண்களும் ஒன்றேயாகிவிடும் விடைகள் இரண்டு. அவற்றை ஓர் இருபடி தந்துவிடும். மிச்சம் ஆறு. அவ்வாறும் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு முப்படிகளாகின்றன. பிரிக்கும் கத்தியும் ஓர் இருபடியே! அதன் வர்க்கமூலத்தினுள் இருப்பது, நிலையெண்ணின் நான்கு மடங்கில் 7 குறைந்த எண். நிலையெண் 2 ஆனால் அது 1 ஆகும். அப்போது வரும் விடைகள் ஏழு பக்கமும் ஒன்பது பக்கமும் உடைய ஒழுங்கான உருவங்களின் கோணங்களோடு தொடர்புடையன. 1916-இல் கேம்பிரிட்ஜிலிருந்து, மூன்றுக்குப் பதில் நான்கு எண்கள் நிற்கும் வளையத்தை அதே கணித சங்கப் பத்திரிகையில் கேள்வியாக விடுத்தார். அது பதினாறாம் படி. அதுவும் முற்றும் அவிழ்கின்றது.

அவர் மறைந்து அரை நூற்றாண்டிற்குப் பின், ஓர் எண்ணை வர்க்கமாக்கி நிலையெண்ணைக் கழித்து, வந்ததை மீண்டும் வர்க்கமாக்கிக் கழித்து, இவ்வாறே செய்துகொண்டு போனால் என்ன நேரும் என்பதைக் கணிதர் ஊன்றி ஆராய்ந்தனர். சில நிலையெண்களுக்கு அத்தொடர் ஓரிடத்தில் அமைதியாக நிற்கும். சிலவற்றிற்கு இரண்டு எண்களுக்கிடையே ஊசலாடும். சிலவற்றிற்கு எவ்வித ஒழுங்குமின்றித் தாறுமாறாக அலையும். மூன்று எண்களின் வளையம் ஒன்று மெய்யெண்ணில் இருந்துவிட்டால், எல்லா நீள வளையங்களும் ஒழுங்கற்ற அலைச்சலும் உடன் வரும் என்று 1975-இல் லீ, யார்க் என்னும் இருவர் காட்டினர். அந்த வளையம் எப்போது தோன்றும்? நிலையெண்ணின் நான்கு மடங்கு 7-ஐ எட்டும்போது. ராமாநுஜனுடைய வர்க்கமூலத்தினுள் இருந்த எண் அதுவே. அவர் இதையெல்லாம் முன்னுணர்ந்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மீண்டும் கும்பிடு போடுவதாகும். அவர் கேட்ட கேள்வி வேறு. ஆயினும் அவர் நின்ற இடம் இதுவே.

பிழையும் செய்தார் என்பதை மறைத்தல் ஆகாது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகச் சொல்லலாம் என்பது பழைய உண்மை. அவ்வர்க்கங்களுக்கு முன் 1, 2, 3 முதலிய பெருக்கெண்களை வைத்தாலும் எல்லா எண்களும் கிடைக்கும்படியான கூட்டங்கள் எத்தனை என்று கேட்டு, 55 என்று 1917-இல் அச்சிட்டார். அவற்றுள் 1, 2, 5, 5 என்னும் கூட்டம் 15 என்னும் ஓர் எண்ணைத் தரமாட்டாது. அதை டிக்ஸன் என்பார் 1927-இல் சுட்டினார். ஆகவே சரியான தொகை 54. ஐயமுடையோர் ஒரு மாலைப்பொழுதில் தாமே சோதித்துக்கொள்ளலாம், நாமும் சோதித்தோம். ஆயின் அந்த 15 சாமானியமான எண் அன்று. பெருக்கெண்கள் யாவும் முழு எண்ணாய் நிற்கும் இத்தகைய வர்க்கக் கூட்டம் ஒன்று 15 வரையுள்ள எண்களைத் தந்துவிட்டால், எல்லா எண்களையும் தந்தே தீரும் என்று கான்வேயும் ஷ்னீபர்கரும் 1993-இல் கண்டனர். அதற்கு எளிய நிரூபணம் தந்தவர் மஞ்சுல் பார்கவா. ராமாநுஜன் தவறிய இடம் சரியாக எல்லைக் கல்லின்மேல் இருந்தது.

1917-இல் நோய் பற்றியது. 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும், டிரினிடி கலாசாலையின் பெல்லோ பதவியும் ஆஸ்பத்திரிகளுக்கிடையே வந்தன. 1919 மார்ச் 27-இல் பம்பாயில் இறங்கினார். அவ்வாண்டுக் கோடையில் சென்னை வெப்பத்திற்கு ஒதுங்கிச் சில காலம் தங்கிய இடம் கொடுமுடி. அக்காலத்தில் ஈரோடும் கொடுமுடியும் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. பிறந்த ஊருக்குக் காவிரி வழியே கீழே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மகுடேசுவரர் கோயில் கொண்ட ஆற்றங்கரையூரில், முப்பத்திரண்டு வயது நிரம்பாத அவர் படுக்கையிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். நாம் ஈரோட்டைப் பற்றிப் பேசும் அளவிற்குக் கொடுமுடியைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தையாய் ஒரு வருஷம் இருந்த இடத்தைவிட, அறிவு முதிர்ந்து உடல் நைந்து வந்து தங்கிய இடமே நம் நாட்டிற்கு அவரோடுள்ள நெருங்கிய உறவு என்பது எம் கருத்து.

பின்னர்க் கும்பகோணம் சென்று, 1920 ஜனவரியில் சென்னை திரும்பி, 'மாக் தீட்டா' என்று தாம் பெயரிட்ட புதிய சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். காசநோய் என்றே அன்று மருத்துவர் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-இல் ஆங்கில மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். அவ்வாறாயின், அன்றைய மருந்துகளாலேயே தீர்த்திருக்கக் கூடியது.

கடைசி ஆண்டில் எழுதிய தாள்களை ஜானகி அம்மாள் பத்திரப்படுத்திச் சென்னைச் சர்வகலாசாலையில் ஒப்புவிக்க, அவை ஹார்டியிடம் சென்று, கைமாறிக் கைமாறி, டிரினிடி கலாசாலையின் ரென் நூல் நிலையத்துப் பெட்டியொன்றிற் கிடந்தன. 1976-இல் அமெரிக்கக் கணிதர் ஆண்ட்ரூஸ் அவற்றை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள், முடிவுகள் மட்டும், செய்கை வழி ஏறக்குறைய எங்கும் இல்லை. செய்கையெல்லாம் கும்பகோணத்தில் நடந்தது போலவே சிலேட்டில் எழுதி அழிக்கப்பட்டுவிட்டது. ஜானகி அம்மாள் அச்செய்தி கேட்கவும் உயிரோடிருந்தார். 1994 வரை சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார்.